பொதுப்புத்தியும் இஃதிபாரும்: இயற்பியல் வரலாறு தரும் ஒரு பாடம்

கல் கீழே விழுகிறது, நீர் உறைகிறது, நிலவு எழுகிறது, விளக்கின் ஒளி சுவரில் படிகிறது. இவை அனைத்தும் நம் கண்முன் அன்றாடம் நிகழ்பவை. இவற்றின் காரணத்தை அறிய நூலும் கருவியும் கணக்கும் வேண்டுமா? தெளிந்த மதியுடைய ஒருவர் அமர்ந்து நிதானமாகச் சிந்தித்தால் போதாதா? இந்த வினா பழமையானது. கிரேக்கர்கள் இதனைக் கேட்டனர். பஃதாதிலும் புகாராவிலும் கெய்ரோவிலும் வாழ்ந்த நம் முன்னோர் இதனைக் கேட்டதோடு நில்லாமல், விடை காணவும் முனைந்தனர். அவர்கள் கண்ட விடை இன்றைய நம் கல்விக்கும் தேவையானது என்பதால் இங்கு அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

பொதுப்புத்தி என்று இக்கட்டுரையில் நாம் குறிப்பது, தனிப்பயிற்சி ஏதுமின்றி அன்றாட அனுபவத்திலிருந்து மனிதர் அனைவரும் பெற்றுக்கொள்ளும் அறிவையே ஆகும். இதனைத் துச்சமாகக் கருதுவதற்கில்லை. காற்றின் போக்கறிந்து பாய்விரித்த மாலுமியும், தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் எழுப்பும் கொத்தனாரும், நெம்புகோல் கொண்டு பாறையைப் பெயர்க்கும் தொழிலாளியும் எந்தச் சூத்திரத்தையும் மனனம் செய்தவர்கள் அல்லர். எனினும் அவர்களுடைய வேலை பிசகுவதில்லை. எனவே பொதுப்புத்தி பயனுள்ளதா என்பதில் ஐயமில்லை. இயற்கையைப் பற்றிய வழக்கில் அது சாட்சியா, அல்லது நீதிபதியா என்பதே வினா.

மன்திக் நூல்கள் தரும் பாகுபாடு

அரபுக் கல்லூரிகளில் மன்திக் (தர்க்கவியல்) பயிலும் மாணவர் இவ்வினாவுக்கான திறவுகோலைத் தம் பாடநூலிலேயே காண்கிறார். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அஸீருத்தீன் அல்அப்ஹரியின் 'ஈஸாகூஜீ' மிகச் சிறிய நூல். அதன் இறுதிப் பகுதி வாதத்தின் வடிவத்தை விட்டு, வாதம் எந்த மூலப்பொருளால் கட்டப்படுகிறது என்பதைப் பேசுகிறது. உறுதியான அறிவைத் தரும் முன்னுரைகள் அங்கு ஆறாக வகுக்கப்படுகின்றன.

முதலாவது அவ்வலிய்யாத், கேட்டவுடன் அறிவு ஏற்றுக்கொள்பவை. முழுமை பகுதியைவிடப் பெரியது என்பது உதாரணம். இரண்டாவது முஷாஹதாத்; புலன்களால் நேரடியாக அறியப்படுபவை. மூன்றாவது முஜர்ரபாத், திரும்பத் திரும்பச் சோதித்து அறியப்படுபவை. ஸகமூனியா என்னும் மூலிகைப் பிசின் பித்தத்தை வெளியேற்றும் என்பது அதற்கான உதாரணம். நான்காவது ஹத்ஸிய்யாத், பல அடையாளங்களிலிருந்து மனம் சட்டென்று கண்டுகொள்பவை. நிலவின் ஒளி கதிரவனிடமிருந்து பெறப்பட்டது என்பது இவ்வகை. ஐந்தாவது முதவாதிராத், பொய்யுரைக்க ஒன்றுகூடுவது இயலாத அளவுக்குப் பெருந்தொகையினர் வழியாக வந்த செய்திகள். ஆறாவது, தம் சான்றைத் தம்மோடே கொண்டுள்ளவை. நான்கு இரட்டை எண் என்பது போல.

இந்த ஆறுக்கும் வெளியே, உறுதி தராத வேறு வகைகளும் கூறப்படுகின்றன. அவற்றுள் இரண்டு நமக்கு முக்கியமானவை. ஒன்று மஷ்ஹூராத், மக்களிடையே பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டவை. மற்றொன்று வஹ்மிய்யாத், கண்டு பழகியவற்றைக் கொண்டு காணாதவற்றின் மீது கற்பனை வழங்கும் தீர்ப்புகள்.

இங்குதான் நுட்பம் உள்ளது. நாம் பொதுப்புத்தி என்று ஒரே பெயரால் அழைப்பது ஒரே பொருளன்று. அதில் அவ்வலிய்யாத்தும் உண்டு, மஷ்ஹூராத்தும் உண்டு, வஹ்மிய்யாத்தும் உண்டு. மூன்றும் மனத்திற்குள் ஒரே குரலில்தான் பேசுகின்றன. "இது தெரிந்ததுதானே" என்று நாம் சொல்லும்போது, அது மெய்யாகவே தெரிந்ததா, பழகிப்போனதா, கற்பனையா என்று பிரித்தறிய அந்தக் குரலில் எந்த அடையாளமும் இல்லை. இயற்பியலின் வரலாறு பெரும்பாலும் இந்த மூன்றையும் பிரித்தெடுத்த வரலாறே ஆகும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (கி.பி. 1058–1111) தம் 'அல்முன்கிது மினள் ளலால்' நூலில் இதனைத் தொட்டுச் செல்கிறார்கள். புலன்களுள் வலிமை மிக்கது கண். அது நிழலை அசையாதது என்று காட்டுகிறது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் நிழல் நகர்ந்திருக்கிறது. அது விண்மீனை ஒரு தீனார் நாணயத்தின் அளவாகக் காட்டுகிறது. வடிவியல் சான்றுகளோ அது பூமியைவிடப் பெரியது என்று நிறுவுகின்றன. கண்ணின் தீர்ப்பு தள்ளுபடியான இரண்டு வழக்குகள் இவை. முதல் வழக்கில் கண்ணைத் திருத்தியது பொறுமையான தொடர்கவனிப்பு, இரண்டாவதில் கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு சிந்தித்ததனால் மட்டும் இரண்டுமே திருத்தப்படவில்லை என்பது கவனத்திற்குரியது.

இரு தரப்பும் உரிமை கொண்டாடிய பொதுப்புத்தி

நாம் எவ்வாறு காண்கிறோம்? இதைவிட அன்றாடமான வினா இருக்க முடியாது. ஆயினும் இதற்கு விடை காண மனிதகுலம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தடுமாறியது.

யூக்ளிடும் பத்லமியூஸ் என நாம் அழைக்கும் தாலமியும், கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதாலேயே பார்வை நிகழ்கிறது என்றனர். அரபுலகின் முதல் தத்துவ அறிஞர் எனப் புகழப்படும் அல்கிந்தியும் இக்கருத்தையே ஆதரித்தார். இன்று நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பொதுப்புத்தியின் கண்கொண்டு பார்த்தால் இதில் வலுவுண்டு. தரையில் விழுந்த ஊசி கண்முன் கிடந்தாலும், நம் பார்வை அதன் மேல் படும்வரை அது தென்படுவதில்லை. இருளில் பூனையின் கண் ஒளிர்கிறது. நம் மொழியே இதற்குச் சாட்சி கூறுகிறது: பார்வையை வீசுகிறோம், பார்வை பாய்கிறது, கண் பட்டுவிட்டது என்கிறோம்.

அரிஸ்டாட்டிலும் அவரைப் பின்பற்றியவர்களும் இதனை மறுத்தனர். கண்ணைத் திறந்த கணத்திலேயே தொலைவிலுள்ள விண்மீன் தெரிகிறது. இவ்வளவு சிறிய கண்ணிலிருந்து புறப்பட்ட ஒன்று வானம் முழுவதையும் நிரப்புவது எவ்வாறு? இதுவும் பொதுப்புத்தியின் குரலே. இரு தரப்பாரும் அறிவுடையோர். இரு தரப்பாரும் அன்றாட அனுபவத்தையே சான்றாகக் காட்டினர். வாதம் நூற்றாண்டுகள் தொடர்ந்தது. தீர்ப்பு மட்டும் வரவில்லை.

பஸராவில் ஏறத்தாழ கி.பி. 965இல் பிறந்து, கெய்ரோவில் ஏறத்தாழ 1040இல் மறைந்த அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைஸம் இந்த வழக்கை வேறு முறையில் நடத்தினார். ஏழு பாகங்களைக் கொண்ட அவருடைய 'கிதாபுல் மனாழிர்' வாதத்தை முதலில் தொடங்காமல், ஒளி எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைச் சோதிப்பதிலிருந்து தொடங்கியது. இருண்ட இடத்தில் திறக்கும் ஒரு சிறு துளைக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைக்கச் சொல்கிறார். உள்ளே சுவரில் எத்தனை விளக்குகளோ அத்தனை ஒளித்திட்டுகள் தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேர் எதிரான ஒரு திட்டு மட்டுமே மறையும். மற்றவை அப்படியே இருக்கும். மறைப்பை நீக்கினால் அத்திட்டு தன் இடத்திற்கே திரும்பும். எல்லா விளக்குகளின் ஒளியும் ஒரே துளையினூடே சென்றும் ஒன்றோடொன்று கலந்து குழம்பவில்லை. ஒவ்வொன்றும் நேர்கோட்டில் தன் வழியே செல்கிறது என்பதை இதனினும் எளிமையாக நிறுவ முடியாது.

இதற்கு வேண்டியவை சில விளக்குகளும், ஓர் இருட்டறையும், ஒரு துளையுமே. அரிஸ்டாட்டிலின் காலத்திலும் இவையெல்லாம் இருந்தன. இல்லாமலிருந்தது, இயற்கையிடம் ஆம், இல்லை என்று பதில் கூறக்கூடிய விதத்தில் வினாவை அமைத்து வைக்கும் முறைதான்.

அம்முறைக்கு இப்னுல் ஹைஸம் சூட்டிய பெயர் இஃதிபார். அரபு அறிந்தோருக்கு இச்சொல்லின் மணம் தெரியும். கண்கூடாகக் கண்டதிலிருந்து காணாததற்குக் கடந்து செல்வது என்பது அதன் வேர்ப்பொருள். திருக்குர்ஆனின் 59ஆம் அத்தியாயமான அல்ஹஷ்ரின் இரண்டாம் வசனத்தில், பார்வையுடையோரை நோக்கி இவ்வேர்ச்சொல்லாலேயே கட்டளை வருகிறது. உஸூலுல் ஃபிக்ஹ் அறிஞர்கள் கியாஸுக்கு ஆதாரமாக எடுத்துரைக்கும் வசனமும் அதுவே. வானியலாளர் ஒரு கணிப்பை நேரடி அவதானிப்புடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதையும் இச்சொல் குறித்தது. இப்னுல் ஹைஸம் அதனைச் சோதனைக்குரிய கலைச்சொல்லாக நிலைநிறுத்தினார்.

சோதனையோடு அவர் நிற்கவில்லை. ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்றால் ஒரு பெருஞ்சிக்கல் எழுகிறது. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி பரவுகிறது. ஆகவே கண்ணின் ஒவ்வொரு புள்ளியிலும் எல்லாப் புள்ளிகளின் ஒளியும் வந்து குவிய வேண்டும். பின் எவ்வாறு தெளிவான உருவம் தெரிகிறது? கண்ணின் பரப்பில் செங்குத்தாக விழும் கதிர்களே வலிமையுடன் செயல்படுகின்றன, சாய்வாக விழுபவை வளைந்து வலுவிழக்கின்றன என்று அவர் விடை கூறினார். எதிர்த் தரப்பினரான கதிர்க்கொள்கையாளரின் வடிவியலை, தாம் ஏற்ற இயற்கைக் கொள்கையோடு இணைத்த விடை இது. சோதனை, கணக்கு, இயற்கை பற்றிய கருத்து ஆகிய மூன்றும் இங்கு ஒன்றுகூடின.

பிறையின் பருமனும் நிலவின் அளவும்

பொதுப்புத்தி நமக்கே தெரியாமல் கணக்குப் போடுகிறது என்பதைக் கண்டறிந்ததும் இப்னுல் ஹைஸமின் சாதனையே. ஒரு சிறுவனிடம் இரண்டு பழங்களைக் காட்டினால் அழகானதையே அவன் எடுத்துக்கொள்கிறான். ஒப்பிட்டு முடிவு செய்கிறோம் என்பதை அவன் அறிவதில்லை என்று கூறுகிறார். அதற்கும் மேலே சென்று, முழுமை பகுதியைவிடப் பெரியது என்பதுகூட உண்மையில் மிக விரைவாக நிகழும் ஓர் அனுமானமே என்றும், விரைவின் காரணமாகவே மக்கள் அதனைப் பிறவியறிவு என்று எண்ணுகின்றனர் என்றும் விளக்குகிறார். ஈஸாகூஜீ அவ்வலிய்யாத்துக்குக் காட்டும் அதே உதாரணம் இது. தெரிந்ததுதானே என்று நாம் கடந்து செல்வதன் அடியில் மறைந்திருக்கும் படிகளை அவர் தோண்டிக் காட்டுகிறார்.

அடிவானில் எழும் முழுநிலவு உச்சிவானில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. எழும்போது நிலவு நமக்கு அருகில் இருக்கிறது போலும் என்பதே பொதுப்புத்தியின் முதல் விடை. கணக்கோ நேர்மாறானது. அடிவானில் இருக்கும்போது நிலவு, உச்சியில் இருப்பதைவிட ஏறத்தாழ பூமியின் அரைவிட்டமான 6,378 கிலோமீட்டர் கூடுதல் தொலைவில் உள்ளது. நிலவின் சராசரித் தொலைவான 3,84,400 கிலோமீட்டரில் இது ஒன்றரை சதவீதத்திற்குச் சற்று அதிகம். அந்த அளவுக்கு அடிவான நிலவு சிறிதாகவே தெரிய வேண்டும். கையை முழுவதும் நீட்டி ஒரு சிறு நாணயத்தை நிலவுக்கு நேரே பிடித்து, எழும்போதும் உச்சியிலும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் இரண்டும் ஒன்றே என்பதைத் தாமே காணலாம்.

தாலமி தம் 'அல்மஜிஸ்தி'யில் அடிவான ஆவியைக் காரணமாகக் கூறினார். இப்னுல் ஹைஸம் மனாழிரின் ஏழாம் பாகத்தில், ஆவிக்குச் சிறு பங்கு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, முதன்மைக் காரணம் நம் உள்ளத்தின் தீர்ப்பே என்றார். அடிவானத்திற்கும் நமக்கும் இடையே வயல்களும் மரங்களும் வீடுகளும் தொடர்ச்சியாகத் தெரிவதால் அதனைத் தொலைவானது என்று உள்ளம் கணிக்கிறது. தலைக்கு மேலே அத்தகைய இடைப்பொருள்கள் இல்லை. ஒரே கோண அளவுள்ள இரண்டில் தொலைவானது என்று கருதப்படுவது பெரிதாகத் தோன்றும். இன்றைய உளவியலாளரும் இவ்விளக்கத்தை முற்றிலும் கைவிடவில்லை. அதனைத் திருத்தியும் விரித்தும் வாதிட்டு வருகின்றனர்.

இது நமக்கு வெறும் வானியல் செய்தியன்று. ரமளான் வரும்போதெல்லாம், "பிறை இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, இது நேற்றைய பிறைதான்" என்ற பேச்சு நம் ஊர்களில் எழுவதுண்டு. ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி இடம்பெற்றுள்ளது. உம்ராவுக்குப் புறப்பட்ட சிலர் வழியில் பிறை கண்டனர். அது இரண்டு இரவுப் பிறை என்று சிலரும், மூன்று இரவுப் பிறை என்று சிலரும் கூறினர். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் இதனைக் கூறியபோது, எந்த இரவில் கண்டீர்கள் என்று கேட்டு, கண்ட இரவுக்குரியதே அப்பிறை என்று தெளிவுபடுத்தினார்கள். பிறையின் பருமன், சூரியனும் நிலவும் ஒருங்கு சேர்ந்த கணத்திலிருந்து எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதைப் பொறுத்தது. முதன்முதலாகக் கண்ணில் படும் பிறை சில மாதங்களில் ஒரு நாள்கூட நிறையாததாகவும், வேறு சில மாதங்களில் ஒன்றரை நாளைக் கடந்ததாகவும் இருக்கக்கூடும். பருத்திருப்பதனாலேயே அது நேற்றைய பிறையாகிவிடாது. தோற்றத்தைக் கொண்டு அனுமானிப்பதை விடுத்து, எப்போது கண்டீர்கள் என்று சாட்சியத்தைக் கேட்ட அந்த நபித்தோழரின் அணுகுமுறையில் நமக்குப் படிப்பினை உண்டு.

பேரறிஞரும் தயங்கிய இடம்

இப்னுல் ஹைஸம் பொதுப்புத்தியை முற்றிலும் வென்றுவிட்டாரா? இல்லை. துளையினூடே செல்லும் ஒளி தலைகீழான உருவத்தைத் தரும் என்பதை அவர் அறிந்திருந்தார். கண்ணும் ஒரு துளைதான். அப்படியாயின் கண்ணுக்குள்ளும் உருவம் தலைகீழாக அமைய வேண்டும். நாமோ உலகை நேராகவே காண்கிறோம். எனவே கதிர்கள் ஒன்றையொன்று குறுக்கிடுவதற்கு முன்னரே படிகநீர்மம் எனப்பட்ட கண்வில்லை அவற்றை உணர்ந்துவிடுகிறது என்றும், அதன் பின்புறத்தில் கதிர்கள் வளைந்து உருவத்தின் ஒழுங்கு குலையாமல் உள்ளே செல்கின்றன என்றும் அவர் அமைத்துக்கொண்டார். உலகம் நேராகத் தெரிவதால் உருவமும் நேராகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணமே அவரை அங்கு நிறுத்தியது.

அவருடைய நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. அந்த மரபில் வந்த கெப்ளர் 1604இல் அடுத்த அடியை எடுத்து வைத்தார். கணக்கு எங்கு இட்டுச் செல்கிறதோ அங்கு சென்று, விழித்திரையில் உருவம் தலைகீழாகவே விழுகிறது என்று அறிவித்தார். அதனை உள்ளம் எவ்வாறு நேராகக் கொள்கிறது என்பது ஒளியியலின் வேலையன்று என்று அவ்வினாவைப் பிறருக்கு விட்டுவிட்டார். எருதின் கண்ணைப் பிரித்தெடுத்து, அதன் பின்புறத்தில் தலைகீழ் உருவம் விழுவதைக் கண்ணாரக் காணும் முறையை 1637இல் டெகார்ட் விவரித்தார்.

இதனைக் கூறுவதால் இப்னுல் ஹைஸமின் பெருமை குறையாது. தாலமியின் மீது எழுப்பிய ஐயங்களைத் தொகுத்த தம் 'அஷ்ஷுகூக் அலா பத்லமியூஸ்' நூலின் முன்னுரையில், முன்னோரின் நூல்களை அப்படியே நம்புபவன் உண்மையைத் தேடுபவன் அல்லன் என்றும், ஆராய்பவன் தன் மீதும் ஐயம் கொள்ள வேண்டும் என்றும் அவரே வலியுறுத்தியிருக்கிறார். தம்மைத் திருத்துவதற்கான உரிமையை அவரே நமக்கு அளித்துச் சென்றிருக்கிறார்.

உடைந்த குப்பி எழுப்பிய வினா

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, அபூ ரைஹான் அல்பீரூனிக்கும் (பிறப்பு கி.பி. 973) அவரைவிட ஏழாண்டு இளையவரான இப்னு சீனாவுக்கும் இடையே ஒரு கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. அதில் பீரூனி விடுத்த வினாக்கள் பதினெட்டு. பத்து வினாக்கள் அரிஸ்டாட்டிலின் வானுலகம் பற்றிய நூலின் மீதானவை; மற்ற எட்டும் இயற்கை பற்றியவை.

அவற்றுள் ஒன்று இது. பொருள்கள் வெப்பத்தால் விரிகின்றன, குளிரால் சுருங்குகின்றன என்றால், நீர் நிறைந்த குப்பி அந்நீர் உறையும்போது உடைவது ஏன்? மற்றொன்று: பனிக்கட்டி நீரில் மிதப்பது ஏன்?

இப்னு சீனாவின் விடை தர்க்க அமைப்பில் பழுதற்றது. குளிர்ந்த பொருள் சுருங்கிச் சிறிய இடத்தைக் கொள்கிறது, அப்போது குப்பிக்குள் வெற்றிடம் உண்டாக வேண்டும், வெற்றிடமோ இயலாதது, எனவே குப்பி உடைகிறது. பனிக்கட்டி மிதப்பதற்குக் காரணம், உறையும்போது அதனுள் காற்று சிறைப்பட்டுவிடுவது. இரண்டு விடைகளும் தனித்தனியே நம்பத்தக்கவையாகத் தோன்றுகின்றன. குளிரில் பொருள் சுருங்கும் என்பதை யார் மறுப்பார்? ஆனால் அது மஷ்ஹூராத் வகையைச் சேர்ந்த முன்னுரை, முஜர்ரபாத் அன்று. உறையும் நீரை எவரும் அளந்து பார்த்து அதனை நிலைநாட்டியிருக்கவில்லை.

உண்மை யாதெனில், நீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் வரை குளிரக் குளிரச் சுருங்குகிறது. அதற்குக் கீழே விரியத் தொடங்குகிறது. உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகிறது. குப்பி உட்புறமாக இழுக்கப்பட்டு உடையவில்லை. வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு உடைகிறது. காற்றே இல்லாத தூய பனிக்கட்டியும் மிதக்கும். பீரூனியின் இரண்டு வினாக்களுக்கும் விடை ஒன்றே. பனிக்கட்டி விரிந்த நீர் என்று கலீலியோ 1612இல் எழுதினார். 1657 முதல் 1667 வரை பிளாரன்ஸ் நகரில் இயங்கிய சோதனைக் கழகத்தார் உலோகக் கோளங்களில் நீரை அடைத்து உறையவைத்து, அந்த விரிவின் வலிமை உலோகத்தையும் பிளப்பதைக் கண்டனர்.

மாமேதையான இப்னு சீனாவின் அறிவில் குறை இருந்ததாக இதற்குப் பொருளில்லை. மருத்துவத்தில் மருந்துகளைச் சோதிப்பதற்கான விதிகளை வகுத்தவர் அவர். ஆனால் இந்த வினாவில், தெரிந்த விதியிலிருந்து விடையை வருவித்தார். பொருளிடம் சென்று கேட்கவில்லை. பீரூனியோ, தெரிந்த விதியோடு பொருந்தாத உடைந்த குப்பியைப் புறக்கணிக்க மறுத்தார். அதே பீரூனிதான் பின்னாளில், கூம்பு வடிவக் கலம் ஒன்றை அமைத்து உலோகங்களும் மணிகளும் வெளியேற்றும் நீரை நிறுத்து, அவற்றின் ஒப்படர்த்தியை வியப்பூட்டும் துல்லியத்துடன் அளந்தார் என்பது தற்செயல் அன்று.

அபத்தம் என்று ஒதுக்கப்பட்ட உண்மை

இயக்கம் பற்றிய வரலாற்றைச் சுருக்கமாகவே குறிப்பிடலாம். தள்ளினால் வண்டி நகர்கிறது. தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறது. எனவே இயக்கத்திற்கு இயக்குபவர் தொடர்ந்து வேண்டும் என்பது பொதுப்புத்தி. வெற்றிடம் என்று ஒன்று இருக்குமானால் அதில் நகரும் பொருள் நிற்பதற்குக் காரணமே இராது, முடிவின்றிச் சென்றுகொண்டே இருக்கும் என்று அரிஸ்டாட்டில் கூறினார். இப்னு சீனாவும், எறியப்பட்ட பொருளில் பதியும் மய்ல் என்னும் உந்துநாட்டம் வெற்றிடத்தில் அழியாது என்று கண்டார். இருவருமே இம்முடிவை அபத்தம் என்று கருதி, ஆகவே வெற்றிடம் இல்லை என்று வாதிட்டனர். 1687இல் நியூட்டன் தம் நூலில் முதல் இயக்கவிதியாக வைத்தது அவர்கள் அபத்தம் என்று ஒதுக்கிய இதே முடிவைத்தான். முன்னோரின் தர்க்கம் சரியாகவே நடந்து வாசல்வரை வந்துவிட்டது. வாசலில் நின்ற பழக்கம் அதனைத் திருப்பி அனுப்பிவிட்டது.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் பஃதாதில் வாழ்ந்த அபுல் பரகாத் அல்பஃதாதி இந்த வாசலை ஓரளவு திறந்தார். விழும் பொருளில் அதன் கனம் கணந்தோறும் புதிய மய்லைச் சேர்த்துக்கொண்டே போவதால்தான் வேகம் பெருகுகிறது என்றார். அவருடைய நூலின் பெயர் 'அல்முஃதபர்'. தாமே ஆராய்ந்து நிலைநாட்டியவை என்ற பொருளில், இஃதிபாரின் அதே வேரிலிருந்து எடுத்த பெயர் அது.

இங்கு ஒருவர் மறுப்பு எழுப்பலாம். பாரமான கல்லும் இலேசான கல்லும் ஒரே வேகத்தில் விழும் என்பதைக் கலீலியோ வெறும் சிந்தனையாலேயே நிறுவவில்லையா? இரண்டையும் சேர்த்துக் கட்டினால் இலேசானது பாரமானதைத் தாமதிக்கச் செய்ய வேண்டும். ஆனால் சேர்ந்த கல் இன்னும் பாரமானது, எனவே இன்னும் விரைய வேண்டும். இது முரண் என்று 1638இல் வெளியான தம் நூலில் காட்டினாரே? உண்மைதான். கூரிய சிந்தனை ஒரு கொள்கையின் உட்பூசலை வெளிப்படுத்தும். ஆனால் விழும் பொருள் எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் கடக்கும் என்பதை அச்சிந்தனை சொல்லவில்லை. அதற்குக் கலீலியோவே சாய்பலகையில் குண்டை உருட்டி, சிந்தும் நீரை நிறுத்து நேரத்தை அளக்க வேண்டியிருந்தது. பழைய வீட்டை இடிக்கச் சிந்தனை போதுமானதாயிற்று. புதிய வீட்டைக் கட்ட அளவுகோல் தேவைப்பட்டது.

பொதுப்புத்தியின் உரிய இடம்

அவ்வாறாயின் பொதுப்புத்திக்கு அறிவியலில் இடமே இல்லையா? இருக்கிறது, அது உயர்ந்த இடம். வினா பிறப்பது அங்கிருந்துதான். குப்பி உடைந்ததைக் கண்டு ஏன் என்று கேட்டது பொதுப்புத்தியே. செங்குத்தாக எறிந்த குண்டு பலகையை உடைக்கும், சாய்வாக எறிந்தது வழுக்கிச் செல்லும் என்ற அன்றாட அனுபவமே செங்குத்துக் கதிர் பற்றிய கருத்தை இப்னுல் ஹைஸமுக்கு உவமையாகத் தந்தது. கி.பி. 1320ஐ ஒட்டி மறைந்த கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, வானவில்லை ஆராய விரும்பினார். மழைத்துளியைக் கையில் பிடித்து நிறுத்த முடியாது; எனவே நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையைத் துளிக்குப் பதிலாக இருட்டறையில் வைத்து, ஒளி அதனுள் இருமுறை வளைந்தும் ஒருமுறையோ இருமுறையோ எதிரொளித்தும் வெளிவருவதைக் கண்டறிந்தார். துளிக்கு உருண்டையைப் பதிலியாக்கத் தோன்றியது நல்ல பொதுப்புத்தி; அந்தப் பதிலியைச் சோதித்துப் பார்த்தது இஃதிபார். ஒன்றின்றி மற்றொன்று பயன் தந்திராது.

எனவே முன்னோரின் வரலாறு தரும் விடை இதுவே: பொதுப்புத்தி வழக்கைத் தொடங்கி வைக்கும், சாட்சியும் கூறும், ஆனால் தன் வழக்கில் தானே தீர்ப்பு வழங்கத் தகுதியற்றது. அந்த அதிகாரம் சோதனைக்கும் அளவுக்கும் உரியது.

நம் கல்விக்கு

இது முடிந்துபோன பழங்கதையன்று. 1985இல் இப்ராஹீம் ஹல்லூன், டேவிட் ஹெஸ்டனஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி இயற்பியல் மாணவர்களை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். இயக்கம் பற்றி அம்மாணவர்கள் கொண்டிருந்த பொதுப்புத்திக் கருத்துகள், வழக்கமான விரிவுரைகளைக் கேட்ட பின்னரும் பெரும்பாலும் மாறவில்லை என்று அவர்கள் கண்டனர். சூத்திரத்தை எழுதத் தெரிந்திருந்தது. உள்ளத்தின் ஆழத்திலோ தள்ளினால்தான் வண்டி நகரும் என்ற பழைய நம்பிக்கையே அமர்ந்திருந்தது. மனனம் பழக்கத்தை வெல்வதில்லை என்பதே இதன் பொருள்.

நம் கல்விக்கூடங்களுக்கும் இது பொருந்தும். முஜர்ரபாத்தின் இலக்கணத்தையும் ஸகமூனியாவின் உதாரணத்தையும் தடங்கலின்றி ஒப்பிக்கும் மாணவர், ஸகமூனியாவைக் கண்டதில்லை. தம் கையால் எதனையும் சோதித்துப் பார்த்ததுமில்லை. சோதனையால் அறிவது என்ற வகையையே அவர் பிறர் சொல்லக் கேட்டு அறிந்திருக்கிறார். மறுபுறம், இப்னுல் ஹைஸமும் பீரூனியும் நம்மவர், உலகின் அறிவியல் எல்லாம் நம்மிடமிருந்தே சென்றது என்று மேடைகளில் முழங்குகிறோம். அவர்கள் எதனைச் சோதித்தனர், எங்கு வென்றனர், எங்கு தயங்கினர் என்று வினவாத பெருமிதமும் மஷ்ஹூராத் வகையைச் சேர்ந்ததுதான்.

சோதனையின் முடிவை அஞ்ச வேண்டிய தேவையும் நமக்கில்லை. கிரகணத்திற்கு வானியலாளர் கூறும் கணக்கு நிறுவப்பட்ட பின், மார்க்கத்தின் பெயரால் அதனை மறுக்க முனைபவர் மார்க்கத்திற்கே தீங்கிழைக்கிறார் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வின் முன்னுரையிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிதன்று. ஈஸாகூஜீயின் அந்தப் பக்கத்தை நடத்தும் நாளில், விளிம்புவரை நீர் நிரப்பி மூடிய ஒரு பிளாஸ்டிக் புட்டியை ஃப்ரீசரில் வைத்து மறுநாள் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். புட்டி உள்ளே சுருங்கியிருக்குமா, வெளியே புடைத்திருக்குமா என்பதை ஒவ்வொரு மாணவரும் முதல்நாளே தம் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். பீரூனியின் வினாவும் இப்னு சீனாவின் விடையும் அதன்பின் வாசிக்கப்படட்டும். இருட்டறைக்கு ஒரு அட்டையும் இரண்டு மெழுகுவத்திகளும் போதும். முஜர்ரபாத் என்னும் சொல்லின் பொருள் அன்றுதான் அம்மாணவர்களுக்கு விளங்கும்.